தரச்சான்று இல்லாத வெள்ளி டைம்கள்: பெட்டியில் இருப்பது எவ்வளவு பெறும்?

அமெரிக்காவில் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது மேசை இழுப்பறையிலிருந்தோ பரணிலிருந்தோ நாணயப் பெட்டி ஒன்று கிளம்பி வருவது சகஜம். அதில் டைம் எனப்படும் பத்து சென்ட் வெள்ளிக் காசுகள் காகிதச் சுருள்களிலும் பிளாஸ்டிக் குழாய்களிலும் அட்டை ஆல்பங்களிலும் அடுக்கப்பட்டிருக்கும். மேலே யாரோ ‘பி.யு.’ என்று பென்சிலால் எழுதி வைத்திருப்பார்கள். புழக்கத்துக்குப் போகாமல் அச்சின் பளபளப்போடு அப்படியே இருக்கும் காசு என்று சொல்வதற்கான சுருக்கெழுத்து அது. எந்த நிறுவனமும் பார்த்துத் தரம் குறிக்காத இப்படி ஒரு சேகரிப்பு வாரிசாகவோ விலைக்கோ உங்களிடம் வந்து சேர்ந்திருந்தால், அதற்கு என்ன விலை சொல்வது?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலான காசுகள் அவற்றில் உள்ள வெள்ளியின் விலைக்குச் சற்று மேலே போகும், அவ்வளவுதான். பணம் இருப்பது ஒரு சில காசுகளில். அந்தச் சிலவற்றைக் கண்டுபிடித்துத் தனியே எடுப்பதுதான் மதிப்பிடுவதில் முக்கால் பங்கு. ஒவ்வொரு காசுக்கும் தரம் போட உட்கார்ந்தால் கண் வலிதான் மிஞ்சும்.

கையைக் கழுவுங்கள், காசைக் கழுவாதீர்கள்

நம் வீடுகளில் வெள்ளிச் சாமான் கறுத்தால் திருநீறு போட்டுத் துலக்குவது வழக்கம். அந்தப் பழக்கத்தை இங்கே முற்றிலும் மறந்துவிட வேண்டும். நாணயத்தைத் துணியால் துடைத்தாலே மேற்பரப்பில் மயிரிழைக் கீறல்கள் விழும். வெள்ளி மெருகூட்டும் பசை, சமையல் சோடா, எலுமிச்சை ஆகியவை இன்னும் மோசம். புழங்காத காசின் விலையே அதன் தொடப்படாத மேற்பரப்புக்குத்தான். அதைத் துலக்கிவிட்டால் மிஞ்சுவது இரண்டே கால் கிராம் வெள்ளி.

காசைத் தொடும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள். மேசையில் மெத்தென்ற துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். கை தவறினாலும் காசுக்கு அடிபடாது. அட்டை உறையில் ஸ்டேப்லர் ஊசி குத்தியிருந்தால் ஊசிகளை எல்லாம் பிடுங்கிய பிறகே காசை வெளியே எடுங்கள். கம்பி முனை உரசிப் பாழான காசுகள் ஏராளம். மெல்லிய பி.வி.சி. உறைகளில் பல ஆண்டுகள் இருந்த காசுகளில் பச்சையாக ஒரு பிசுக்குப் படிந்திருக்கும். அதை மட்டும் சுத்தமான அசிட்டோனில் தேய்க்காமல் ஊறவைத்து நீக்கலாம். காற்றோட்டமான இடத்தில், கண்ணாடிக் கிண்ணத்தில், அடுப்புக்கு அருகில் இல்லாமல் செய்ய வேண்டும். வேறு எந்தச் சுத்திகரிப்பும் வேண்டாம்.

முதலில் அடிமட்ட விலை

1964 வரை அச்சான டைமில் 90 விழுக்காடு வெள்ளியும் 10 விழுக்காடு செம்பும் இருக்கும். எடை 2.50 கிராம், விட்டம் 17.9 மில்லிமீட்டர். 1965ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்தால் வெள்ளி கைவிடப்பட்டது. அதற்குப் பிந்தைய புழக்கக் காசுகளில் செம்புத் தகட்டின் இருபுறமும் நிக்கல் கலவை பூட்டியிருக்கும், எடை 2.27 கிராம். விளிம்பைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். வெள்ளிக் காசின் விளிம்பு ஒரே நிறமாக இருக்கும், பிந்தையதில் செம்புக் கோடு ஓடும். சந்தேகமாக இருந்தால் நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் தராசில் வைத்துப் பாருங்கள். 1992 முதல் சேகரிப்பாளர்களுக்காகச் சான் பிரான்சிஸ்கோவில் அச்சிடப்படும் வெள்ளி ‘புரூஃப்’ டைம்களும் உண்டு. அவற்றைத் தனியே வையுங்கள்.

ஒரு வெள்ளி டைமில் 0.0723 டிராய் அவுன்ஸ் தூய வெள்ளி இருக்கிறது. கணக்குக்காக வெள்ளி ஓர் அவுன்ஸ் 40 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காசின் வெள்ளி மதிப்பு 2 டாலர் 89 சென்ட். ஒரு ரோலில் 50 காசுகள் இருக்கும். ஆறு ரோல்கள், அதாவது 300 காசுகள் இருந்தால் 21.7 அவுன்ஸ், மதிப்பு ஏறக்குறைய 868 டாலர். வெள்ளி விலை நாளுக்கு நாள் மாறும் என்பதால் நீங்கள் கணக்குப் போடும் அன்றைய விலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வெள்ளிக் காசுகளை மூட்டையாக வாங்கும் வியாபாரிகள் முகமதிப்பில் ஒரு டாலருக்கு 0.715 அவுன்ஸ் என்று கணக்கிடுவார்கள். அது தேய்மானம் கழித்த எண். புழங்காத காசுக்கு அந்தக் கழிவு பொருந்தாது, 0.723 என்று பேசுவதே நியாயம்.

இதுதான் அடிமட்டம். இனிமேல் செய்யும் ஒவ்வொரு வேலையும் இந்த எண்ணுக்கு மேலே எவ்வளவு சேரும் என்பதற்காகத்தான்.

மூன்று வகை, நான்கு குறி

வெள்ளி டைம் என்று கையில் வருபவை அநேகமாக மூன்று வடிவங்களில் ஒன்றாக இருக்கும். 1892 முதல் 1916 வரை சார்லஸ் பார்பர் வடிவமைத்தது. சுதந்திர தேவியின் தலை வலப்புறம் பார்க்கும். 1916 முதல் 1945 வரை அடால்ஃப் வெய்ன்மன் வடித்த, சிறகு முளைத்த தொப்பி அணிந்த பெண். ரோமானியக் கடவுளைப் போல இருப்பதால் ‘மெர்குரி’ என்று பெயர் நிலைத்துவிட்டது. 1946 முதல் ஜான் சின்னாக் செதுக்கிய அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட். ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரலில் இறந்தார். இளம்பிள்ளைவாத ஒழிப்புக்கு அவர் தொடங்கிய இயக்கம் டைம் டைமாகத்தான் நிதி திரட்டியது. அதனால் அவர் முகத்துக்கு இந்தக் காசே பொருத்தம் என்று முடிவாகி, அவர் பிறந்த நாளான ஜனவரி 30 அன்று வெளியிட்டார்கள். கழுத்தடியில் இருக்கும் ‘ஜே.எஸ்.’ என்ற சிற்பியின் எழுத்துகளைப் பார்த்து அது ஜோசப் ஸ்டாலின் என்று சிலர் கிளப்பிவிட்ட கதையும் உண்டு. பனிப்போர்க் காலத்தில் எதையும் நம்பினார்கள்.

உங்கள் பெட்டியில் பார்பர் காசு இருந்து, அது உண்மையிலேயே புழங்காததாக இருந்தால் ஆண்டைக்கூடப் பார்க்க வேண்டாம். உடனே தனி உறையில் போடுங்கள். சாதாரண ஆண்டாக இருந்தாலும் வெள்ளி மதிப்பின் பல மடங்கு பெறும்.

அடுத்து நாணயச்சாலைக் குறி. டி என்றால் டென்வர், எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ, ஓ என்றால் நியூ ஆர்லியன்ஸ். குறியே இல்லாவிட்டால் பிலடெல்பியா. ஓ குறி பார்பர் காசுகளில் மட்டும்தான் வரும். மூன்று வடிவங்களிலும் குறி பின்புறத்தில்தான் இருக்கும். பார்பரில் மாலைக்குக் கீழே, மெர்குரியில் கம்புக்கட்டின் அடிக்கு இடப்பக்கம், 1964 வரையான ரூஸ்வெல்ட்டில் தீப்பந்தத்தின் அடிக்கு இடப்பக்கம் தேடுங்கள்.

இப்போது ஆண்டு, குறி வாரியாகக் குவியல் போடுங்கள். ஒரு தாளில் எண்ணிக்கையை எழுதுங்கள். வியாபாரியிடம் பேசும்போது இந்தப் பட்டியல் கையில் இருந்தாலே பேச்சின் தொனி மாறும்.

தேட வேண்டியவை

மெர்குரியில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் 1916-டி. அச்சானது 264,000 மட்டுமே. முகம் தேய்ந்துபோனது கூட நூற்றுக்கணக்கான டாலர் பெறும். ஆகவே சாதாரணக் காசில் டி எழுத்தை ஒட்டவைத்து விற்கும் மோசடியும் அந்தக் காசைச் சுற்றித்தான் அதிகம். கிடைத்தால் கொண்டாடாதீர்கள், சான்றுக்கு அனுப்புங்கள். 1921, 1921-டி, 1926-எஸ், 1931-டி, 1931-எஸ் ஆகியவையும் புழங்காத நிலையில் நல்ல விலைக்குப் போகும். 1942ஆம் ஆண்டுக் காசுகளை எல்லாம் லென்ஸ் வைத்துப் பாருங்கள். கடைசி 2க்குக் கீழே ஒரு 1 எட்டிப்பார்த்தால், அது 1941 அச்சின் மேல் 1942 பதிந்த பிழைக் காசு. பிலடெல்பியா, டென்வர் இரண்டிலும் இது நேர்ந்தது. டென்வர் காசில் அந்த 1 அவ்வளவு தெளிவாகத் தெரியாது, பொறுமை வேண்டும். 1945-எஸ்ஸில் வழக்கத்தைவிடச் சிறிய எஸ் எழுத்து உள்ள ஒரு வகையும் உண்டு. அதற்கும் ஓரளவு கூடுதல் விலை.

1940களின் மற்ற மெர்குரிகள் கோடிக்கணக்கில் அச்சானவை. பலர் அன்றைக்கே ரோல் ரோலாகச் சேமித்தும் வைத்தார்கள். அழகாக இருக்கும், அரிதல்ல.

ரூஸ்வெல்ட்டில் தேட வேண்டியது முதலில் 1949-எஸ். மற்ற ‘எஸ்’ காசுகளை, குறிப்பாக 1950-எஸ்ஸைத் தனியாக வைப்பது நல்லது. இங்கே புதியவர்களை ஏமாற்றும் ஆண்டு 1955. பிலடெல்பியாவில் அந்த ஆண்டு அச்சானது ஏறத்தாழ 1 கோடியே 24 லட்சம்தான். வெள்ளி ரூஸ்வெல்ட் வரிசையில் இவ்வளவு குறைவாக வேறு எந்த ஆண்டும் அச்சாகவில்லை. எண்ணைப் பார்த்தால் விலை எகிற வேண்டும். ஆனால் குறைவாக அச்சாகிறது என்பது அன்றைய சேகரிப்பாளர்களுக்குத் தெரிந்திருந்தது. ரோல் ரோலாக அள்ளி வைத்துவிட்டார்கள். அதனால் இன்றும் புழங்காத 1955 தாராளமாகக் கிடைக்கிறது, விலையும் சாதாரணம். எத்தனை அச்சானது என்பதைவிட எத்தனை நல்ல நிலையில் தப்பிப் பிழைத்தது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும்.

1964, 1964-டி இரண்டும் சேர்த்தால் 200 கோடிக்கு மேல். ரோல்களில் அதிகம் கிடைப்பவை இவைதான். இவற்றுக்கு வெள்ளி விலை போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

புழங்காததுதானா?

பென்சிலால் எழுதியதை நம்பாதீர்கள். எழுதியவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. அவர் காலத்து அளவுகோல் தளர்வாக இருந்தது.

அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கின் கீழ் உட்காருங்கள். டியூப்லைட் உதவாது, ஒளி பரவலாக விழுந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஐந்து முதல் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். காசைச் சாய்த்து மெல்லச் சுழற்றுங்கள். புதிதாக அச்சான காசில் ஒளிக்கற்றைகள் நடுவிலிருந்து விளிம்பு வரை ஆரங்களாகச் சுழலும். அச்சு விழும்போது உலோகம் வெளிப்புறமாக ஓடியதால் உண்டான நுண்ணிய கோடுகளில் ஒளி பட்டு எழும் மினுக்கம் இது. மெருகு ஏற்றிய காசும் பளபளக்கும். ஆனால் அந்தப் பளபளப்பு அசையாது, கண்ணாடித் துண்டைப் போல ஒரே இடத்தில் நிற்கும். இந்த வேறுபாடு ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு மறக்காது. பழக வேண்டுமானால் சான்று பெற்ற மலிவான 1964 காசு ஒன்றையும் தேய்ந்த காசு ஒன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

அடுத்து உயரமான இடங்கள். முதலில் தேய்வது அவைதான். மெர்குரியில் காதுக்கு முன்னால் உள்ள முடியும் சிறகின் மேற்புறமும், பின்புறத்தில் கம்புக்கட்டைக் குறுக்காகச் சுற்றும் சாய்வுப் பட்டைகளும். ரூஸ்வெல்ட்டில் காதுக்கு மேலுள்ள முடி, கன்னம், பின்புறத்தில் பந்தத்தின் தழல். இந்த இடங்களில் சுழலும் மினுக்கம் அறுபட்டுச் சாம்பல் நிறமாக மங்கியிருந்தால் காசு புழங்கியிருக்கிறது. எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ‘ஏ.யு.’, அதாவது ஏறக்குறையப் புழங்காதது என்ற வகைதான். ஏ.யு. 58 என்ற தரத்தில் வரும் காசுகள் பி.யு. ரோல்களுக்குள் நிறைய ஒளிந்திருக்கும்.

இதில் ஒரு சிக்கல். அச்சு சரியாக அழுந்தாத காசிலும் அதே உயரமான இடங்கள் தட்டையாகத்தான் தெரியும். தேய்மானமா, அச்சுக் குறையா? மினுக்கத்தைக் கேளுங்கள். தட்டையான இடத்திலும் மினுக்கம் தடையில்லாமல் ஓடினால் அச்சுக் குறை. அங்கே அது நின்றுவிட்டால் தேய்மானம். பழைய ஆல்பங்களில் காசின் மேல் பிளாஸ்டிக் பட்டையை இழுத்து மூடுவார்கள். அந்தப் பட்டை கன்னத்தின் மேல் இணைகோடுகளைக் கீறியிருக்கும். எண்ணும் இயந்திரத்தின் சக்கரம் உரசிய மங்கல் தடமும் உண்டு. இவை புழக்கத் தேய்மானம் அல்ல. ஆனாலும் விலையைக் குறைக்கும்.

நிறம் ஏறியிருந்தால் பயப்பட வேண்டாம். 1947 முதல் 1958 வரை அரசு விற்ற சேகரிப்புத் தொகுப்புகளில் காசுகளை அட்டையில் பதித்திருந்தார்கள். அந்த அட்டையின் கந்தகம் பட்டு நீலம், ஊதா, பொன்னிறம் என்று வானவில்லாக மாறிய டைம்களுக்கு வெள்ளை வெளேரென்ற காசைவிட அதிக விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கரும்பழுப்புத் திட்டுகளுக்கு யாரும் கூடுதலாகக் கொடுக்க மாட்டார்கள். ரசாயனம் கொண்டு நிறம் ஏற்றிய போலிகளும் சந்தையில் உண்டு.

கண்ணாடி போன்ற தளமும் கூர்மையான விளிம்பும் இருந்தால் அது புரூஃப்பாக இருக்கலாம். மெர்குரியில் 1936 முதல் 1942 வரையும் ரூஸ்வெல்ட்டில் 1950 முதல் 1964 வரையும் பிலடெல்பியாவில் இவற்றை அச்சிட்டார்கள். 1936 புரூஃப் 4,130 மட்டுமே. புரூஃப்களுக்கு விலைப்பட்டியலே வேறு. ரோல் காசுகளோடு கலக்காதீர்கள்.

தர எண்ணும் பட்டையும்

புழங்காத காசுக்கு எம்.எஸ். 60 முதல் 70 வரை தரம் போடுகிறார்கள். உரசல் குறிகள், மினுக்கம், அச்சின் அழுத்தம், பார்வைக்கு இருக்கும் ஈர்ப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லும் எண் அது. புதியவர் எம்.எஸ். 64க்கும் 65க்கும் உள்ள எல்லையைக் கண்டுபிடிக்க முயல்வது வீண். மூன்று குவியல் போதும்: குறிகள் கண்ணை உறுத்துபவை, சாதாரணமானவை, கன்னமும் தளமும் மாசில்லாமல் பார்த்ததும் நிறுத்திவைப்பவை. மூன்றாவது குவியல் சிறியதாக இருக்க வேண்டும். ரோலில் பாதி மூன்றாவதில் விழுந்தால் உங்கள் கண் தாராளம் காட்டுகிறது என்று பொருள்.

அந்த மூன்றாவது குவியலைத் திருப்பிப் போட்டுப் பட்டைகளைப் பாருங்கள். மெர்குரியின் கம்புக்கட்டு நடுவில் கிடையாகச் செல்லும் இரட்டைப் பட்டை இரண்டாகப் பிரிந்து, இடையில் பள்ளம் முழுதாகத் தெரிந்தால் அது ‘ஃபுல் பேண்ட்ஸ்’. இதற்கு உதாரணம் 1945 பிலடெல்பியா. சாதாரணமாக அச்சான காசு எங்கும் கிடைக்கும்; பட்டை முழுமையாகப் பிரிந்தது மிக அரிது, விலை ஆயிரக்கணக்கில் போகும். ஒரே ஆண்டு, ஒரே ஆலை, மயிரிழைப் பள்ளம் ஒன்றால் இவ்வளவு வேறுபாடு! ரூஸ்வெல்ட்டிலும் பந்தத்தின் மேலும் கீழும் உள்ள பட்டைகள் பிரிந்திருக்கின்றனவா என்று இதேபோல் பார்க்கிறார்கள். தரச்சான்று தரும் என்.ஜி.சி. நிறுவனம் பந்தத்தின் செங்குத்துக் கோடுகளையும் சேர்த்துப் பார்த்து ‘ஃபுல் டார்ச்’ என்று குறிக்கும்.

விலை எங்கே பார்ப்பது

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது எம்.எஸ். 67 சான்று பெற்று, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த காசின் விலை. உங்கள் குழாயில் இருப்பது சான்று இல்லாத காசு. அதை வாங்குபவர் எல்லா ஆபத்தையும் தானே ஏற்கிறார். அதற்கேற்ற விலையைத்தான் கொடுப்பார். சான்றில்லாத காசு என்றே தேடுங்கள். ஏலத் தளங்களில் கேட்கும் விலையை விட்டுவிட்டு விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். உயர்ந்த காசுகளுக்குப் பெரிய ஏல நிறுவனங்களின் பழைய ஏல முடிவுகளும் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. நிறுவனங்களின் இலவச விலைப்பட்டியல்களும் உதவும். அச்சில் வரும் வழிகாட்டிப் புத்தகங்கள் சில்லறை விலையைச் சொல்பவை; வியாபாரி அந்த விலைக்கு விற்பார், வாங்க மாட்டார்.

நீங்கள் நினைக்கும் தரத்துக்கு ஒரு படி கீழே வைத்து விலை பாருங்கள். எம்.எஸ். 65 என்று தோன்றினால் 64க்கான விலையை எழுதுங்கள். சொந்தக் காசுக்கு எவருடைய கண்ணும் ஒரு படி கூட்டித்தான் போடும்.

வெள்ளி விலை ஏறும் காலத்தில் இன்னொன்றும் நடக்கும். சாதாரண ஆண்டுப் பி.யு. காசுக்கும் தேய்ந்த காசுக்கும் இருக்கும் இடைவெளி சுருங்கிவிடும். இரண்டுமே உருக்கும் விலைக்கு அருகில் வந்துவிடும். அப்போது ‘புழங்காதது’ என்ற பெயருக்காக மட்டும் ஒருவர் அதிகம் கேட்டால் வாங்குவதற்கு முன் யோசியுங்கள்.

சான்றுக்கு அனுப்பலாமா?

பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. இரண்டும் 1980களின் நடுவில் தொடங்கியவை; சந்தை நம்புவது பெரும்பாலும் இவற்றைத்தான். தரக் கட்டணம், போகவர அஞ்சல் செலவு, காப்பீடு எல்லாம் சேர்ந்தால் மூன்று டாலர் வெள்ளி உள்ள காசுக்கு அதன் பல மடங்கு செலவாகும். எனவே கணக்கு எளிது. எதிர்பார்க்கும் தரத்துக்கு ஒரு படி குறைவாக வந்தாலும் செலவு போக லாபம் நிற்குமா? நின்றால் அனுப்புங்கள். மேலே சொன்ன அரிய ஆண்டுகள், முழுப்பட்டை மெர்குரிகள், 1942/1 பிழைக் காசுகள் இவை தேறும். துலக்கிய காசை அனுப்பினால் எண் இல்லாமல் ‘டீடெயில்ஸ்’ என்ற குறிப்போடு திரும்பி வரும். கட்டணம் திரும்பி வராது. முந்நூறு காசில் அனுப்பத் தகுந்தவை ஒரு கை விரல்களில் அடங்கினால் அதுவே நல்ல பெட்டி.

எந்த மதிப்பு வேண்டும்?

காப்பீட்டுக்கு வேண்டியது அதே காசைக் கடையில் திரும்ப வாங்க ஆகும் விலை. விற்பதற்கு வேண்டியது வியாபாரி இன்று கையில் கொடுக்கும் விலை. இரண்டுக்கும் இடைவெளி பெரியது. அமெரிக்காவில் வாரிசாகப் பெற்றிருந்தால் மூன்றாவதாக ஒன்றும் தேவை: உரியவர் இறந்த நாளின் சந்தை மதிப்பு. பின்னால் விற்கும்போது லாபம் அந்த எண்ணிலிருந்துதான் கணக்கிடப்படும். ஓராண்டுக்கு மேல் கையில் வைத்திருந்த சேகரிப்புப் பொருளின் லாபத்துக்கு அங்கே கூட்டாட்சி வரி 28 விழுக்காடு வரை போகலாம். அன்றைய வெள்ளி விலையையும் உங்கள் பட்டியலையும் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொகை பெரியதென்றால் எழுத்துமூலம் மதிப்பீடு தரும் நிபுணருக்குக் கட்டணம் கொடுங்கள். மதிப்பிடுபவரே வாங்கவும் முன்வந்தால் வேறொருவரைப் பாருங்கள்.

விற்கப் போகும்போது மொத்தப் பெட்டியையும் ஒரே விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். அரியவற்றைத் தனித்தனியாக ஏலத்துக்கோ சான்றுக்கோ ஒதுக்குங்கள். மினுக்கம் குறையாத சாதாரண ஆண்டுக் காசுகளை ரோலாகக் கட்டி, குறைந்தது மூன்று வியாபாரிகளிடம் காட்டுங்கள். ஏ.யு. ஆனவையும் துலக்கியவையும் வெள்ளிக் குவியலுக்குப் போகட்டும். வங்கி முத்திரையோடு பிரிக்காத பழைய காகிதச் சுருள் இருந்தால் பிரிக்காமலே கொண்டுபோங்கள். அப்படியே வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் இரு முனையிலும் நல்ல காசை வைத்து நடுவில் சாதாரணத்தை அடைத்த சுருள்களும் உலவுவதால், பிரிக்காத சுருளை நீங்கள் வாங்கும் பக்கத்தில் இருந்தால் உள்ளே இருப்பதைச் சாதாரண ஆண்டு என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வியாபாரியும் சொல்லும் விலையைக் காசு எண்ணிக்கையோடும் அன்றைய வெள்ளி விலையோடும் சேர்த்துத் தாளில் குறித்துக்கொண்டு, அன்றே ஒப்புக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.